சீழ் பிடிக்காத புண்ணும் நிறம் மாறாத ஸ்லைடும்: வெள்ளை அணுக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெள்ளை அணுக்களைப் பற்றியே கேட்டிருந்தீர்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த அணுக்களோடுதான் என் பிழைப்பு என்பதால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் இல்லை.

வெள்ளை அணு ஆராய்ச்சியில் சேர ஆசை. "ஒரு செல்லை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க என்ன செய்வாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (முதுகலை மாணவி)

ஒரு செல் கூட இல்லையம்மா, அந்தச் செல் செய்யும் ஒரே ஒரு வேலையிலேயே முப்பது வருடம் போய்விடும். எப்படிப் போகும் என்று ஒரு நோயை வைத்துச் சொல்கிறேன், அதை அப்படியே வீட்டில் சொல்லிவிடு.

1950களில் அமெரிக்காவில் சில சிறுவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். நிணநீர்க் கட்டிகள் வீங்கிப் பழுக்கும், ஈரலில் சீழ்க்கட்டி, நுரையீரலில் சளி, ஒன்று ஆறினால் இன்னொன்று. மின்னசோட்டாவில் ராபர்ட் குட் என்பவரின் குழு 1957ல் இதைத் தனி நோயாக எழுதியது. நோய்க்கு அவர்கள் வைத்த பெயரிலேயே 'உயிர்கொல்லி' என்ற சொல் இருந்தது. இதில் யாருக்கும் புரியாத விஷயம் என்னவென்றால், அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்துக்கொள்ள ரத்த நீரில் இருக்கும் புரதம்) குறைவாக இல்லை, இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே இருந்தது. வெள்ளை அணுக்களும் போதுமான அளவு இருந்தன. எல்லாம் இருக்கிறது, பிள்ளை மட்டும் பிழைக்கவில்லை.

விடை கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று. அந்தப் பிள்ளைகளின் நியூட்ரோபில்களை எடுத்து பாக்டீரியாவோடு சோதனைக் குழாயில் விட்டுப் பார்த்தார் பால் க்வீ. (நம் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோபில்தான்.) அணு ஓடுகிறது, பாக்டீரியாவைப் பிடிக்கிறது, விழுங்குகிறது. ஆனால் கொல்லவில்லை. விழுங்கப்பட்ட கிருமி அணுவின் வயிற்றுக்குள் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. 1967ல் வந்த கட்டுரை இது.

சரி, ஏன் கொல்லவில்லை? இதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். கிருமியை விழுங்கும் நேரத்தில் வெள்ளை அணு திடீரென்று ஆக்சிஜனை அதிகமாக இழுக்கிறது என்று 1933லேயே பால்ட்ரிட்ஜ், ஜெரார்டு என்ற இருவர் நாயின் வெள்ளை அணுக்களை வைத்து எழுதியிருந்தார்கள். விழுங்குவது கடினமான வேலை, அதற்கான மூச்சு வாங்கல் என்றே நினைத்தார்கள். ரொம்ப நாள் எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள். அது மூச்சே இல்லை, ஆயுதம் என்பது இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெளிவாயிற்று. அந்த ஆக்சிஜனை அணு சூப்பர் ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றிக் கிருமியின் மேல் கொட்டுகிறது. சூப்பர் ஆக்சைடைக் காட்டியவர் பெர்னார்ட் பேபியர், 1973ல். நோயாளிப் பிள்ளைகளின் அணுக்களில் அது உண்டாவதே இல்லை. அப்புறம் 1986ல் ஸ்டூவர்ட் ஓர்கின் குழு எக்ஸ் குரோமோசோமில் இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. புரதம் எது என்று முன்கூட்டித் தெரியாமல், குரோமோசோமில் இருக்கும் இடத்தை மட்டும் வைத்துத் தேடிப் பிடித்த முதல் நோய் மரபணு அதுதான்.

1957லிருந்து 1986 வரை எத்தனை வருடம் என்று வீட்டில் கணக்குப் போட்டுக் காட்டு. இத்தனையும் "விழுங்கிய பிறகு ஏன் கொல்லவில்லை" என்ற ஒரே கேள்விக்கு. இந்தத் துறையில் நாங்கள் நல்ல அணுவைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி, வேலை செய்யாத அணுவோடு பிறந்த பிள்ளைகள் கொடுத்த ரத்தத்திலிருந்து வந்தது. அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை, நீயும் சேர்ந்தால் மறக்காதே.

நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று இப்போது அதற்குப் பெயர். சுமார் 2 லட்சம் பிறப்புகளில் ஒன்று.

என் மகனுக்கு நான்கு வயது. திரும்பத் திரும்பக் கட்டி வருகிறது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அதனால் எதிர்ப்புச் சக்தியில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே விட்டுவிடலாமா? (ஒரு தந்தை)

விட வேண்டாம். எண்ணிக்கை என்பது எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்ற வருகைப் பதிவு மட்டும்தான், வந்தவர்கள் வேலை செய்தார்களா என்று அதில் எழுதியிருக்காது. மேலே சொன்ன நோயில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். இன்னொரு நோயைச் சொல்கிறேன், அதில் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், ஆனால் பிள்ளையின் புண்ணில் ஒரு துளி சீழ் இருக்காது.

சீழ் என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு சண்டை போட்டுச் செத்த நியூட்ரோபில்கள்தான். அது இருக்கிறது என்றால் அணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன என்று அர்த்தம். ரத்தக் குழாயில் ஓடும் அணு, புண் இருக்கும் இடத்தில் குழாய்ச் சுவரைப் பிடித்து நின்று, சுவர் செல்களுக்கு நடுவே நெளிந்து வெளியே வர வேண்டும். சிடி18 என்ற புரதம் இல்லாமல் பிறந்த பிள்ளைகளின் அணுக்களுக்கு அந்தப் பிடி கிடையாது. வழுக்கிக்கொண்டே ரத்தத்தில் சுற்றுகின்றன, அதனால்தான் ரத்தத்தில் எண்ணிக்கை எகிறுகிறது, புண்ணோ வறண்டு கிடக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தொப்புள் கொடி விழவே மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் கொடி விழுவதற்கும் வெள்ளை அணு வந்து வேலை பார்க்க வேண்டும். "குழந்தைக்குக் கொடி எப்போது விழுந்தது?" என்று ஒரு மருத்துவர் உங்களைக் கேட்டால், அவர் சரியான வழியில் யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சளி இருமல் அடிக்கடி வருவது சின்னப் பிள்ளைகளுக்குச் சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, வாய் மருந்துக்குக் கேட்காமல் ஊசி வழியாகத்தான் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருப்பது, குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை முன்பு இறந்திருப்பது, இதில் ஏதாவது இருந்தால் நோய் எதிர்ப்பு மண்டலக் குறைபாடுகளைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரிடம் போய், அணுக்களின் எண்ணிக்கையை அல்ல, செயல்பாட்டைச் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். டிஎச்ஆர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. சில மில்லி ரத்தம் போதும். வேலை செய்யும் அணு ஒளிரும், செய்யாதது ஒளிராது, கருவி ஆயிரக்கணக்கான அணுக்களைச் சில நிமிடத்தில் பார்த்துவிடும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை, பொடி என்று விற்கிறார்களே, வெள்ளை அணு கூடுமா? (பல வாசகர்கள்)

வாங்காதீர்கள். நல்ல உடம்பு நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைத் தானே தயாரிக்கிறது, அதற்குப் பொடி எதுவும் தேவையில்லை. தயாரிக்க முடியாத உடம்பைப் பொடி சரி செய்யவும் செய்யாது. அங்கே மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோபில்களை உண்டாக்க வைக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போன்ற உண்மையான மருந்து வேண்டும். தவிர வெள்ளை அணு கூடுவதே நல்லது என்று எண்ணுவதும் தப்பு. ரத்தப் புற்றுநோயிலும் கூடும்.

கிருமியைக் கொல்வது அணுவா, ஆன்டிபாடியா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்ததாமே? யார் ஜெயித்தார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

அணுவின் பக்கம் நின்றவர் மெட்ச்னிகாஃப். 1882ல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் இருந்தபோது, ஒரு நாள் வீட்டார் எல்லாம் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, அவர் மட்டும் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே செல்கள் நகர்வது அப்படியே தெரியும். இந்த நகரும் செல்கள் உடம்பைக் காக்கத்தான் நகர்கின்றனவோ என்று தோன்ற, தோட்டத்தில் ரோஜா முள்ளைப் பறித்து வந்து குஞ்சின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் அவருக்குத் தூக்கமில்லை. காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன.

எதிர்ப் பக்கத்தினர் ரத்த நீரில் கரைந்திருக்கும் பொருள்தான் எல்லாம் என்றார்கள். இருபது வருடம் கட்டுரைக்குக் கட்டுரை சண்டை. 1903ல் ஆல்ம்ராத் ரைட் ஒன்றைக் காட்டினார்: ரத்த நீரில் இருக்கும் பொருள்கள் கிருமியின் மேல் படிந்தால்தான் அணு அதைச் சுலபமாக விழுங்குகிறது. அதாவது இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. 1908ல் நோபல் பரிசை மெட்ச்னிகாஃபுக்கும், ஆன்டிபாடிக் கொள்கையின் பெரிய ஆளான பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ரத்த அணுக்களுக்குச் சாயம் ஏற்றி வகை பிரித்துப் பார்க்கும் வழியைக் காட்டியதும் இதே எர்லிக்தான். அந்தச் சாய வித்தை இல்லையென்றால் என் போன்றவர்களுக்குத் தொழிலே இல்லை.

ஆராய்ச்சியில் மூன்றாம் வருடம். எட்டு மாதமாக ஒரு சோதனையும் சரியாக வரவில்லை. எனக்கு இந்த வேலை வராதோ என்று தோன்றுகிறது. (ஆராய்ச்சி மாணவர்)

தம்பி, எனக்கும் சரியாக எட்டு மாதம்தான் போயிற்று, அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அப்போது டிஎச்ஆர் கருவி எல்லா இடத்திலும் கிடையாது, என்பிடி சாயம்தான். வெளிர் மஞ்சள் சாயம். நியூட்ரோபில்களோடு கலந்து 37 டிகிரியில் வைத்து, அணுவைத் தூண்டிவிட்டால், வேலை செய்யும் அணு அந்தச் சாயத்தைக் கருநீலமாக மாற்றிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் அணுவுக்குள் மை கொட்டின மாதிரி இருக்கும். நூறு அணுக்களை எண்ணி எத்தனை நீலம் என்று எழுத வேண்டும். நியூட்ரோபில் உடம்புக்கு வெளியே சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும், உறைய வைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, ரத்தம் எப்போது வருகிறதோ அப்போதே உட்கார வேண்டும், இரவு பன்னிரண்டு மணியானாலும். எனக்கு என்ன நடந்தது என்றால், தூண்டாத அணுக்களே நீலமாகிக்கொண்டிருந்தன. ஆரோக்கியமானவர் ரத்தம், எந்தத் தூண்டலும் இல்லை, ஆனாலும் ஸ்லைடு முழுக்க நீலம். சாயத்தை மாற்றினேன். குழாய்களை மாற்றினேன். ரத்தம் கொடுத்தவர்களை மாற்றினேன். என் கையில்தான் கோளாறு என்று முடிவு கட்டி வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

கடைசியில் தண்ணீர். கரைசல் செய்யும் காய்ச்சி வடித்த நீரைச் சேமித்து வைத்த பாத்திரத்தில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. நாங்கள் கரைசலை அழுத்த அடுப்பில் வைத்துக் கிருமியைக் கொன்றுதான் பயன்படுத்தினோம், ஆனால் செத்த பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் அந்தச் சூட்டிலும் அழியாது. அதன் ஒரு துளிச் சுவடு போதும், நியூட்ரோபில் 'எதிரி வந்துவிட்டான்' என்று ஆயுதத்தை எடுத்துவிடும். அணு தப்பே செய்யவில்லை. எட்டு மாதமாக அது எனக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. புது பாத்திரம் வந்த வாரத்தில் தூண்டாத ஸ்லைடு வெளிறிக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நீங்கள் என்ன சோதனை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. நோயாளி மாதிரியை விட்டுவிட்டு, ஆரோக்கியமான மாதிரி, தூண்டாத மாதிரி இந்த இரண்டை மட்டும் ஒரு மாதம் செய்யுங்கள். அவை ஒழுங்காக வரும் வரை வேறு எதையும் தொடாதீர்கள். தண்ணீரையும் பாருங்கள்.

பி செல், டி செல் என்று பெயர் எப்படி வந்தது? (பள்ளி மாணவர்)

டி என்பது தைமஸ். நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் சுரப்பி. அது சும்மா கிடக்கும் உறுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அவற்றுக்கு லிம்போசைட்டுகள் (பி செல், டி செல் இரண்டும் சேர்ந்த வெள்ளை அணு வகை) குறைந்து, நோய்கள் தொற்றின. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் உடம்பு அதை எதிர்க்கவில்லை. 1961ல் வெளியிட்டார்.

பி வந்த கதை கோழியில் இருக்கிறது. கோழியின் கழிவுப் பாதையை ஒட்டி பர்சா என்று ஒரு பை உண்டு. புரூஸ் கிளிக் என்ற மாணவர் அது எதற்கு என்று தெரிந்துகொள்ள அதை வெட்டியெடுத்து வளர்த்த கோழிகளை வைத்திருந்தார், உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. நண்பர் ஒருவருக்கு வகுப்பில் ஆன்டிபாடி உண்டாவதைக் காட்டக் கோழி தேவைப்பட, இவற்றில் சிலதை எடுத்துக்கொண்டு போனார். பை இல்லாத கோழிகளுக்கு ஆன்டிபாடி வரவே இல்லை! பெரிய அறிவியல் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது, 1956ல் கோழி வளர்ப்பு ஆராய்ச்சி இதழில் வந்தது, பல வருடம் கவனிப்பார் இல்லை. அதை எடுத்து, கோழியில் இரண்டு தனித்தனி லிம்போசைட் கூட்டங்கள் இருக்கின்றன என்று 1965ல் தெளிவாக்கியவர் மேக்ஸ் கூப்பர். முதல் பதிலில் வந்த ராபர்ட் குட்டோடு சேர்ந்து செய்த வேலை அது. ஆக, பி என்றால் பர்சா. நமக்குப் பர்சா கிடையாது, எலும்பு மஜ்ஜை அந்த வேலையைச் செய்கிறது. மில்லருக்கும் கூப்பருக்கும் 2019ல் லாஸ்கர் விருது கிடைத்தது. கிளிக்கையும் நினைவில் வைத்துக்கொள் தம்பி.

எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே ஏன் தாக்குகிறது? (முடக்குவாதத்தோடு வாழும் வாசகி)

தாக்கக்கூடிய டி செல்கள் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கின்றன, எனக்கும்தான். அவற்றை அடக்கி வைக்கும் வேறு டி செல்களும் இருக்கின்றன. 1949ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தோல் செதில் செதிலாக உரிந்து, சில வாரங்களிலேயே சாகும் ஆண் எலிக்குட்டிகள் பிறந்தன. அந்த எலி வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக யாரோ காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதற்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஏனென்றால் 2001ல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் அந்த எலிகளில்தான் ஃபாக்ஸ்பி3 மரபணு உடைந்திருப்பதைக் கண்டார்கள். மனிதக் குழந்தைகளில் அதே மரபணு உடைந்தால் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய், தோல் புண், நிற்காத வயிற்றுப்போக்கு வருகிறது. அடக்கி வைக்கும் செல்களை 1995லேயே ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டியிருந்தார், நிறையப் பேர் நம்பவில்லை. இந்த மரபணுதான் அந்தச் செல்களை உருவாக்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. மூவருக்கும் 2025ல் நோபல்.

உங்கள் முடக்குவாதம் இப்படி ஒரே மரபணுவால் வருவதில்லை, பல காரணங்கள் சேர்ந்து வருவது. நீங்கள் செய்த எதற்கும் தண்டனையாக அது வரவில்லை. கடிதத்தில் அப்படி எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

மரபணு சிகிச்சையால் இந்த நோய்கள் முழுதாகக் குணமாகுமா? (ஒரு வாசகர்)

சிலதில் ஆகியிருக்கிறது. 1990ல் அமெரிக்காவில் ஏடிஏ குறைபாடு (ஒரு நொதி இல்லாததால் லிம்போசைட்டுகள் செத்துப்போகும் நோய்) உள்ள ஒரு சிறுமிக்கு முதல் முயற்சி. 2000ல் பாரிஸில் அலன் ஃபிஷர் குழு எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் கடுமையான எதிர்ப்புக் குறைபாட்டில் நல்ல பலனைக் காட்டியது, ஆனால் புதிய மரபணு போய் உட்கார்ந்த இடம் சரியில்லாமல் சில பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதன் பிறகு மரபணுவை ஏற்றிச் செல்லும் வைரஸையே மாற்றிப் பாதுகாப்பாக்கினார்கள். இந்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று 1968லிருந்தே இருக்கிறது, பொருத்தமானவர் கிடைத்தால் இன்றும் அதுவே பலருக்கு நல்ல வழி.

என் மகனுக்கு நாள்பட்ட கிரானுலோமா நோய். என்னிடமிருந்துதான் வந்தது என்று சொன்னார்கள். எனக்கு ஒன்றும் இல்லையே, எப்படி? அன்றிலிருந்து என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. (ஒரு தாய்)

அம்மா, உங்கள் மாதிரி ஒரு தாயின் ஸ்லைடை நான் முதன்முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளையின் ஸ்லைடில் ஒரு நீல அணு கூட இல்லை. அடுத்து அம்மாவின் ஸ்லைடை வைத்தேன். ஒன்று நீலம், பக்கத்தில் ஒன்று வெளிறியது, இரண்டு நீலம், மூன்று வெளிறியவை, இப்படிக் கலந்து கிடந்தன. நூறு எண்ணினேன், ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை மூடிவிடுகிறது, எதை மூடும் என்பது குருட்டுத்தனமான தற்செயல். 1961ல் மேரி லயன் எலிகளின் ரோம நிறத்தை வைத்து இதைச் சொன்னார். ஆகவே உங்கள் உடம்பில் சரியான மரபணுவைத் திறந்து வைத்த அணுக்களும், உடைந்ததைத் திறந்து வைத்த அணுக்களும் சேர்ந்தே ஓடுகின்றன. பத்தில் ஒன்றிரண்டு அணு சரியாக வேலை செய்தாலே பெரும்பாலும் போதும் என்பதால் உங்களுக்குத் தொந்தரவு தெரியவில்லை. உங்கள் மகனுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் எது போய்ச் சேரும் என்பது நாணயம் சுண்டுகிற மாதிரி. நீங்கள் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, எதைச் செய்ததாலோ வந்ததில்லை. தடுத்திருக்கவும் முடியாது.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மகள் இருந்தால் அவளுக்கும், உங்கள் சகோதரிகளுக்கும் டிஎச்ஆர் சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கே வாய்ப்புண், வெயில் பட்டால் தோல் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் இந்த விஷயத்தைச் சொல்லுங்கள், இதைச் சுமக்கும் பெண்களுக்கு அவை வருவதுண்டு. மட்கிய இலைக் குவியல், எருக்குழி, பூஞ்சை பிடித்த வைக்கோல் பக்கம் மகனை விடவே வேண்டாம், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் விதைத்தூள் இந்தப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு எமன். கிருமிக்கு ஒன்றும் பூஞ்சைக்கு ஒன்றுமாகத் தினசரி மருந்து கொடுத்திருப்பார்கள். பிள்ளை நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் மாதங்களிலும் அந்த இரண்டையும் ஒரு நாள் கூட நிறுத்தாதீர்கள். மஜ்ஜை மாற்று பற்றி இப்போதே, பிள்ளை நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பேச ஆரம்பியுங்கள். கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். மகளின் சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.